காசு வாங்காத கோச்சும் பதில் சொல்ல வேண்டும்

ஊர்க் கபடிக் குழுக்களின் பயிற்சியாளர்களிடம் எதைக் கேட்டாலும் ஒரு பதில் தயாராக இருக்கும்: “நான் யாரிடமும் பத்து பைசா வாங்குவதில்லை, சார்.” உண்மைதான். பகலில் ஒரு வேலை, மாலையில் மைதானம், சொந்தக் காசில் பனியன், பஸ் கட்டணம் என்று ஓடுகிறவர்கள்தான் அதிகம். இயன்முறை மருத்துவராக அவர்களோடு பழகும் எனக்கு அந்த உழைப்பின் மீது மரியாதை உண்டு. ஆனால் சம்பளம் இல்லை என்பதால் கேள்வியும் கூடாது என்று அவர்கள் எடுத்துக்கொள்ளும்போது, அதன் விலையைப் பிள்ளைகளின் உடம்பு கொடுக்கிறது.

எடைப் பிரிவு ஆட்டங்களையே பாருங்கள். 60 கிலோ என்று நோட்டீஸ் ஒட்டியதும், 63 கிலோ பையனை அதற்குள் இறக்கும் வேலை தொடங்கிவிடும். முதல் நாளிலிருந்தே தண்ணீர் கிடையாது. உச்சி வெயிலில் மழைக்கோட்டு போட்டு ஓட்டம். எச்சிலைக்கூடத் துப்பிக்கொண்டே இருக்க வேண்டும். சில இடங்களில் சிறுநீரைப் பெருக்கும் மாத்திரையும் உண்டு. இப்படிக் குறைவது கொழுப்பு அல்ல, நீர். ரத்தத்தின் அளவு குறையும், வியர்வை வற்றும், உடல் சூடு ஏறும். அந்த நிலையில்தான் பையன் ரெய்டு போகிறான். 1997-இல் அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த வீரர்கள் மூன்று பேர் இப்படி எடையைக் குறைக்கப் போய், சில வாரங்களுக்குள் அடுத்தடுத்து இறந்தார்கள். அதன் பிறகே அங்கே வியர்க்க வைக்கும் ரப்பர் உடைகளுக்குத் தடை வந்தது. எடை பார்க்கும் நேரமும் ஆட்டத்தை ஒட்டி மாற்றப்பட்டது.

அந்த மாத்திரைகளில் பரவலாகக் கிடைக்கும் ஃபுரோசமைடு, உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் தடைப் பட்டியலில் இருக்கிறது. 16 வயதுக்கு உட்பட்டவர் பரிசோதனையில் சிக்கினால், உடனிருந்த பயிற்சியாளரையும் விசாரிக்க வேண்டும் என்கிறது அதன் விதி. ‘எனக்குத் தெரியாது சார்’ என்று சொல்லி அங்கே நழுவ முடியாது.

அடுத்தது காயம். ஒரு பையனை அவன் அம்மாவும் கோச்சும் சேர்ந்து அழைத்து வந்தார்கள். முழங்கால் வீங்கியிருந்தது. கீழ்க்காலைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன்; நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் முன்னால் நகர்ந்து வந்தது. “வலிக்கிறதா?” என்றேன். பையன் கோச்சைப் பார்த்தான். “அவன் தாங்குவான் சார். ஞாயிற்றுக்கிழமை ஃபைனல். ஊசி போட்டுவிடும் டாக்டர் யாராவது இருந்தால் சொல்லுங்கள்” என்றார் அவர். அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, அம்மா இருக்கும்போதே மறுபடி கேட்டேன். ஐந்து நாளாகப் படி இறங்க முடியவில்லை என்றான். வீட்டில் அதுவரை யாருக்கும் தெரியாது. கோப்பைக்கு ஆசைப்படுகிறவரே காயம்பட்டவன் ஆடலாமா என்றும் தீர்மானிக்கக் கூடாது. வலி ஊசி வலியை மறைக்குமே தவிர, முழங்கால் எலும்புகளை இணைத்துப் பிடிக்கும் லிகமென்ட் கிழிந்திருந்தால் அதை ஒட்டாது.

இன்னொன்று, பெற்றோர் கேட்கக் கூச்சப்படுவது. தசைப்பிடிப்பு எடுக்கிறேன் என்று பிள்ளையைத் தனி அறைக்கு அழைப்பது பயிற்சி ஆகாது. தொட்டுச் சிகிச்சை செய்வதே என் தொழில். நானே பெரியவர் ஒருவர் உடன் இல்லாமல் சிறுவர்களைத் தொடுவதில்லை. வெளியூர் ஆட்டத்துக்குப் பிள்ளைகளை ஒரே ஆள் அழைத்துப் போய் ஒரே அறையில் தங்கவைப்பதும், இரவில் தனித்தனியாக வாட்ஸ்அப் செய்தி அனுப்புவதும் எவ்வளவு நல்லவர் செய்தாலும் தவறுதான்.

இங்கே சட்டம் சம்பளச் சீட்டைக் கேட்பதில்லை. குழந்தை மீது பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாதவருக்கு, 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை வைத்திருக்கிறது. நிறுவனப் பொறுப்பில் இருப்பவர், தமக்குக் கீழ் இருப்பவர் செய்ததைச் சொல்லாமல் விட்டால் ஓராண்டு வரை. ஊர் மானம் போய்விடும் என்று பஞ்சாயத்துப் பேசி முடித்துவைக்கும் குழுத் தலைவர்களுக்கு இது பெரும்பாலும் தெரிவதில்லை.

குழுவில் பிள்ளையைச் சேர்க்கும்போதே பெற்றோர் மூன்று கேள்வி கேட்கலாம். வெளியூருக்கு உடன் வரும் இரண்டாவது பெரியவர் யார்? காயம்பட்டால் ஆடலாம் என்று சொல்லப்போவது யார்? எந்த எடைப் பிரிவில் இறக்கப்போகிறீர்கள்? நல்ல கோச் இதற்குக் கோபப்பட மாட்டார். குழந்தைகள் உதவி எண் 1098-ஐ மைதானச் சுவரில் பிள்ளைகளின் கண்ணில் படும்படி எழுதிவைக்கச் சொல்லுங்கள். ஒரு டப்பா பெயின்ட் போதும்.