பப்ளிக் ஸ்கூல், 'பொதுப் பள்ளி' இல்லை

கால்பந்தின் வரலாறு என்று தமிழில் எதைப் படித்தாலும், "இங்கிலாந்தின் பொதுப் பள்ளிகளில் விதிகள் உருவாயின" என்று ஒரு வரி வந்துவிடுகிறது. சிலர் 'அரசுப் பள்ளி' என்றே எழுதிவிடுகிறார்கள். ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் படித்த பள்ளி என்றுதானே வாசகர் நினைப்பார்? விஷயம் நேர் எதிர்.

ஈட்டன், ஹாரோ, ரக்பி போன்றவை பிரபுக்களும் பணக்காரர்களும் கட்டணம் கட்டி மகன்களை விடுதியில் விட்ட பள்ளிகள். வீட்டுக்கே ஆசிரியரை வரவழைத்துப் படிப்பதுபோல் இல்லாமல், எந்த ஊர்ப் பையனையும் சேர்த்துக்கொண்டதால் 'பப்ளிக் ஸ்கூல்' என்று பெயர். 1440-ல் ஈட்டன் தொடங்கியது என்னவோ 70 ஏழை மாணவர்களுக்காகத்தான். பிறகு பணம் உள்ளவர்கள் நிறைந்துவிட்டார்கள்.

'பொதுப் பள்ளி'க்குத் தமிழில் ஏற்கெனவே பொருள் இருக்கிறது. ஏழை, பணக்காரர் வேறுபாடு இல்லாமல் எல்லாரும் ஒன்றாகப் படிக்கும் பள்ளி அது. 1966-ல் இந்தியக் கல்வியை ஆராய்ந்த கோத்தாரி குழு பரிந்துரைத்ததும், இன்றுவரை கல்வியாளர்கள் கேட்டுவருவதும் அதைத்தான். அந்தச் சொல்லைத் தூக்கி ஈட்டனுக்குக் கொடுப்பது அநியாயம். 'உண்டு உறைவிடப் பள்ளி'யும் சரிப்படாது. அதைக் கேட்டதும் பழங்குடியினர் நலப் பள்ளிதான் நினைவுக்கு வரும்.

சொல் பிசகினால் வரலாறே புரியாமல் போகிறது. ரக்பி பள்ளியில் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடலாம். சார்ட்டர்ஹவுஸ் என்ற இன்னொரு பப்ளிக் ஸ்கூலின் மாணவர்கள் கல் பாவிய நடைக்கூடத்தில் ஆடியதால், பந்தைக் காலால் உருட்டிப் போவதே அவர்கள் ஆட்டமானது. இப்படி வெவ்வேறு பள்ளிகளில் படித்தவர்கள் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஒன்றுசேர்ந்தபோது யார் விதிப்படி ஆடுவது என்று தகராறு. அதனால்தான் 1848-ல் பொது விதிகள் எழுதினார்கள். 1863-ல் இங்கிலாந்தின் கால்பந்துச் சங்கம் (எஃப்.ஏ.) வந்தது.

அப்புறம் அந்தச் சங்கம் நடத்தும் எஃப்.ஏ. கோப்பையின் 1883 இறுதிப்போட்டி. ஈட்டன் பழைய மாணவர்களின் அணியை பிளாக்பர்ன் ஒலிம்பிக் என்ற அணி 2-1 என்று கூடுதல் நேரத்தில் வென்றது. வென்ற அணியில் நெசவாலைக்காரர்களும் இரும்பு வார்ப்படத் தொழிலாளர்களும் இருந்தார்கள். 'பொதுப் பள்ளி அணி தோற்றது' என்று எழுதினால் இதில் என்ன தெரியும்? கோப்பை கைமாறியதோடு ஆட்டமே வர்க்கம் மாறத் தொடங்கிய நாள் அது.

'மேட்டுக்குடி விடுதிப் பள்ளி' என்று எழுதுங்கள். நீளம் என்றால் 'பப்ளிக் ஸ்கூல்' என்றே விடலாம். நம் ஊர்த் தனியார் பள்ளிகளின் பலகையிலும் அதுதானே இருக்கிறது? அங்கே கட்டணம் உண்டா என்று யாரும் கேட்பதில்லை. எவ்வளவு என்றுதான் கேட்கிறார்கள்.