முந்தும் தடத்தின் கணக்கு

இலங்கை மலையகத்தில் ஹற்றனிலிருந்து தலவாக்கலை நோக்கிச் சென்ற பஸ்ஸின் முன் ஆசனத்தில் அமர்ந்து, முன்னே ஊர்ந்துகொண்டிருந்த தேயிலைக் கொழுந்து லொறி ஒன்றின் பின்பக்கத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்த ஒரு காலைப்பொழுதில்தான் இந்தக் கணக்கை முதன்முதலாகப் போட்டுப் பார்த்தேன். ஈரம் சொட்டும் கொழுந்துச் சாக்குகள் ஒவ்வொரு வளைவிலும் ஒரு பக்கமாகச் சரிந்து, மறு வளைவில் மறு பக்கம் சரிந்தன. சற்று நேரான இடம் வந்ததும் லொறிச் சாரதி இடப்பக்கச் சிக்னலைப் போட்டுவிட்டு, வலக் கையை வெளியே நீட்டி முன்னால் அசைத்தார். எங்கள் சாரதி உடனே பாயவில்லை. வேகத்தைக் குறைத்துச் சற்றுப் பின்வாங்கி, எதிர்ப்பாதையைத் தம் கண்ணாலும் பார்த்து உறுதி செய்துகொண்ட பின்னரே கியரை இறக்கி வலப்பக்கம் எடுத்தார். வலப்பக்கம் எடுத்ததிலிருந்து மீண்டும் இடப்பக்கம் சேரும்வரை என் கைக்கடிகாரத்தில் 7 செக்கன்கள் கழிந்திருந்தன.

அந்த 7 செக்கன்கள் எங்கிருந்து வந்தன? லொறி மணிக்கு 20 கிலோமீற்றரிலும் பஸ் 40 கிலோமீற்றரிலும் ஓடியதாகக் கொண்டால், இரண்டுக்கும் இடையேயுள்ள வேக வித்தியாசம் 20 கிலோமீற்றர், அதாவது செக்கனுக்கு ஏறத்தாழ 5.6 மீற்றர். முந்துவதற்கு முன் இருக்கும் 10 மீற்றர் இடைவெளி, லொறியின் 7 மீற்றர் நீளம், பஸ்ஸின் 10 மீற்றர் நீளம், முந்திய பின் லொறிக்கு விடவேண்டிய 10 மீற்றர் ஆகிய அனைத்தையும் அந்த வித்தியாசத்தைக் கொண்டே கடக்க வேண்டும். மொத்தம் 37 மீற்றர். அதை 5.6 ஆல் வகுத்தால் 7 செக்கனுக்குச் சற்றுக் குறைவாக வரும். ஆனால் அந்த 7 செக்கன்களில் பஸ் தரையில் ஓடிய தூரம் ஏறத்தாழ 78 மீற்றர். எதிரே இன்னொரு வாகனமும் 40 கிலோமீற்றரில் வந்தால் அதுவும் அதே தூரத்தைக் கடந்திருக்கும். ஆகவே, மூக்கும் மூக்கும் உரசாமல் தப்புவதற்கு மட்டுமே 155 மீற்றர் தூரம் வெறுமையாகத் தெரிய வேண்டும். மலையகப் பாதையில் 155 மீற்றர் நேராகத் தெரியும் இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

சாரதி பின்வாங்கியதற்கும் காரணம் உண்டு. லொறியின் பின்புறத்தோடு ஒட்டிக்கொண்டு வருபவருக்கு அந்த லொறியே ஒரு சுவர். பத்துப் பதினைந்து மீற்றர் பின்னால் வந்தால் அந்தச் சுவர் மறைக்கும் கோணம் சுருங்கி, எதிர்ப்பாதையின் நெடுந்தூரம் கண்ணுக்கு அகப்படும். முந்தத் துடிப்பவர்களில் பலர் இதற்கு நேர்மாறாக, கிட்ட நெருங்கி, சக்கரத்தை மட்டும் வெளியே விட்டு எட்டிப் பார்க்கிறார்கள்.

இனி அதிவேக நெடுஞ்சாலைக்கு வருவோம். தெற்கு அதிவேக நெடுஞ்சாலையின் முதற்பகுதி 2011 ஆம் ஆண்டு கொட்டாவைக்கும் காலிக்கும் இடையே திறக்கப்பட்டது. 2020 இல் அது அம்பாந்தோட்டைவரை நீண்டது. அதன் பின் பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கத்திலிருந்து கொழும்புக்குப் போவோரில் சிலர், பெரகலையில் திரும்பி வெல்லவாய வழியாகக் கீழே இறங்கி அந்தச் சாலையைப் பிடிக்கிறார்கள். அங்கே உச்ச வேகம் மணிக்கு 100 கிலோமீற்றர். எதிரே வாகனம் வராது என்பதால் முந்துதல் அங்கே எளிதென்று தோன்றும். கணக்கு அப்படிச் சொல்லவில்லை.

80 இல் செல்லும் பஸ் ஒன்றை 100 இல் செல்லும் கார் முந்துகிறது என்று வைத்துக்கொள்வோம். வேக வித்தியாசம் இங்கும் அதே 20 கிலோமீற்றர்தான். ஆனால் இடைவெளிகள் வேறு. முன்னால் செல்லும் வாகனத்திலிருந்து குறைந்தது 2 செக்கன் தூரம் விலகியிருக்க வேண்டும் என்பது பல நாடுகளில் சாரதிகளுக்குக் கற்பிக்கப்படும் விதி. 100 இல் அது 55 மீற்றர். முந்திய பின் பஸ்ஸுக்கு விடவேண்டிய 2 செக்கன் 44 மீற்றர். இரு வாகனங்களின் நீளம் 16 மீற்றர். மொத்தம் 115 மீற்றர். அதைக் கடக்க ஏறத்தாழ 21 செக்கன்கள் ஆகும். அதற்குள் கார் 575 மீற்றரை விழுங்கிவிடும். முன்னால் செல்வது 95 இல் ஓடும் இன்னொரு கார் என்றால் வித்தியாசம் 5 கிலோமீற்றராகச் சுருங்குகிறது. அப்போது முந்தி முடிக்க 80 செக்கனுக்கு மேல் ஆகும். வலத்தடம் 2 கிலோமீற்றருக்கும் கூடுதலான தூரத்துக்கு ஒரே காரின் கையில் இருக்கும்.

வலத்தடத்தில் நடக்கும் சண்டைகளுக்கெல்லாம் வேர் இந்த வகுத்தல் கணக்கில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். வேக எல்லை ஒன்றை விதிக்கும்போது, வேகமாகச் செல்வோரின் வேகம் குறைவதோடு, வாகனங்களுக்கிடையிலான வேக வித்தியாசமும் சுருங்குகிறது. அதனால் மோதல்களின் கடுமை குறைகிறது. அதே காரணத்தால் ஒவ்வொரு முந்துதலும் நீள்கிறது. பின்னால் வருபவருக்கு முன்னால் செல்பவர் வேண்டுமென்றே தடத்தை மறிப்பதாகத் தெரிகிறது, முன்னால் செல்பவருக்கோ, "நான் எல்லையில்தானே ஓடுகிறேன், இதற்கு மேல் என்ன செய்ய?" என்று தோன்றுகிறது. இரண்டு கார்களின் வேகமானிகளும் 100 காட்டும்போதே ஒன்று மற்றொன்றை மெல்ல நெருங்குவதையும் பார்க்கலாம். ஐக்கிய நாடுகளின் வாகன விதிமுறைகளின்படி, வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக்கூடாது; கூட்டிக் காட்டலாம், அதுவும் பத்தில் ஒரு பங்கோடு 4 கிலோமீற்றர் சேர்த்துவரை. உண்மையில் 90 இல் ஓடும் கார், முள்ளில் 103 காட்டினாலும் அது பழுதல்ல. எனவே, பின்னால் வருபவர் சட்டத்தை மீறுகிறார் என்று முன்னால் இருப்பவர் தம் முள்ளை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. அவர் செய்யக்கூடியதெல்லாம் முந்தி முடித்தவுடன் இடப்பக்கம் ஒதுங்குவதுதான். வலத்தடத்திலேயே குடியிருந்து மற்றவர்களின் வேகத்தைக் கட்டுப்படுத்துவது பொலிஸாரின் வேலையைக் கூலியில்லாமல் செய்வது போன்றது. யாரும் அதை அவரிடம் கேட்கவில்லை.

ஜெர்மனியில் நெடுஞ்சாலையின் பல பகுதிகளில் கட்டாய எல்லை இல்லை. 130 கிலோமீற்றர் என்பது பரிந்துரைக்கப்படும் வேகம் மட்டுமே. ஆனால் அந்நாட்டுச் சாலைச் சட்டம் ஒன்றில் கறாராக இருக்கிறது. முந்தப்படும் வாகனத்தைவிடக் கணிசமாகக் கூடிய வேகத்தில் செல்பவரே முந்தலாம். 2 கிலோமீற்றர் வித்தியாசத்தில் ஒரு பாரலொறி இன்னொன்றை உரசியபடி நிமிடக்கணக்கில் முந்துவதை அங்குள்ளவர்கள் 'யானை ஓட்டப் பந்தயம்' என்று கேலி செய்வார்கள். எங்கள் அதிவேக நெடுஞ்சாலைகளில் ஓட்டோவுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் அனுமதி இல்லாததை இதே கண்ணோடு பார்க்கலாம். 40 கிலோமீற்றருக்கு மட்டுப்பட்ட ஓட்டோவை 100 இல் வருபவர் சந்தித்தால் வித்தியாசம் 60. முந்துவது நொடிப்பொழுதில் முடியும், முந்தத் தவறினால் எல்லாமே நொடிப்பொழுதில் முடிந்துவிடும்.

எல்லையை 120 ஆக உயர்த்தினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. கொட்டாவையிலிருந்து காலிவரையான ஏறத்தாழ 95 கிலோமீற்றரை 100 இல் கடக்க 57 நிமிடங்கள்; 120 இல் 47 நிமிடங்களும் அரையும். மிச்சம் பத்து நிமிடத்துக்கும் குறைவு. மறுபுறம், இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியோடு வளர்வதால் அது 44 சதவீதம் கூடுகிறது. உலர்ந்த சாலையில், பிரேக்கை மிதிக்க ஒரு செக்கன் எடுக்கும் சாரதி 100 இலிருந்து நிற்க ஏறத்தாழ 83 மீற்றர் வேண்டும். 120 இல் வந்தவர் அதே இடத்தில் பிரேக் போட்டால், முதலாமவர் முழுதாக நின்றுவிட்ட அந்த 83 ஆவது மீற்றரில் அவருடைய முள் இன்னும் 73 ஐக் காட்டிக்கொண்டிருக்கும். நகரத்துக்கு வெளியே எங்கள் சாதாரண வீதிகளில் ஒரு காருக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச வேகமே 70 தான்.

வலத்தடத்தில் நெருக்கமாக ஓடுவதன் விளைவை இன்னொரு பரிசோதனை அழகாகக் காட்டியது. ஜப்பானிய இயற்பியலாளர் யூக்கி சுகியாமாவும் அவருடைய குழுவினரும் 230 மீற்றர் சுற்றளவுள்ள வட்டப் பாதையில் 22 கார்களை விட்டு, எல்லோரையும் மணிக்கு 30 கிலோமீற்றரில் சீராக ஓடச் சொன்னார்கள். தடையோ சிக்னலோ சந்தியோ இல்லை. சற்று நேரத்தில் யாரோ ஒருவர் இம்மியளவு வேகம் குறைத்தார்; பின்னால் வந்தவர் சற்றுப் பிந்தி உணர்ந்து சற்றுக் கூடுதலாகக் குறைத்தார்; அவருக்குப் பின்னால் வந்தவர் இன்னும் கூடுதலாக. கடைசியில் சில கார்கள் முற்றாக நின்றன. நின்ற கார்கள் முன்னால் கிளம்பினாலும், அந்த நெரிசல் மட்டும் ஓர் அலையாக மணிக்கு ஏறத்தாழ 20 கிலோமீற்றரில் பின்னோக்கி நகர்ந்துகொண்டே இருந்தது. 2008 இல் வெளியான இந்த ஆய்வு, முன்னவரின் வாலைப் பிடித்துக்கொண்டு ஓடுவோர் தமக்குப் பின்னால் வருவோருக்கு நெரிசலை உண்டாக்கி அனுப்புகிறார்கள் என்பதைக் கண்முன் நிறுத்தியது. இங்கிலாந்தில் லண்டனைச் சுற்றியோடும் எம் 25 சாலையில் 1995 முதல், கூட்ட நெரிசலான வேளைகளில் வேக எல்லையைத் தாழ்த்திக் காட்டும் பலகைகளை வைத்ததன் பின்னாலும் இதே தர்க்கம் இருக்கிறது. எல்லோரும் சற்று மெதுவாக, ஆனால் ஒரே சீராக ஓடினால், அலை எழுவதற்கான தூண்டுதல் குறைகிறது.

இந்தக் கணக்குகள் எல்லாம் தெரிந்த சாரதிக்கும் ஒரு பெரிய குறை உண்டு. அது அவருடைய கண். நேர் எதிரே வரும் வாகனம் நகர்வதாகத் தெரியாது. பெரிதாவதாக மட்டுமே தெரியும். 1.7 மீற்றர் அகலமுள்ள கார் 200 மீற்றர் தூரத்தில் ஏறத்தாழ அரைப் பாகை அகலத்தில், அதாவது வானத்து முழுநிலவின் அகலத்தில் தெரியும். இரு பக்கமும் 40 இல் வரும்போது உண்டாகும் மணிக்கு 80 கிலோமீற்றர் நெருங்கு வேகத்தில் ஒரு செக்கன் கழிந்த பின் அந்த அகலம் பாகையில் ஏறத்தாழ நூற்றில் ஆறு பங்கு மட்டுமே கூடியிருக்கும். இந்த அளவு மெல்லிய விரிவை நம் பார்வையால் வேகமாக உணர முடிவதில்லை. இதே நெருங்கு வேகத்தில், அது பட்டென்று உறைக்கும் தூரம் ஏறத்தாழ 110 மீற்றருக்குள்தான். தலவாக்கலைப் பஸ்ஸுக்கு 155 மீற்றர் தேவைப்பட்டதை இங்கே நினைவுகூர வேண்டும். முந்தலாமா என்று முடிவெடுக்கும் தூரத்தில், எதிரே வருபவரின் வேகம் பற்றி நமக்கு உண்மையில் எதுவும் தெரியாது. வாகனம் இருக்கிறது, அவ்வளவுதான் தெரியும். மோட்டார் சைக்கிளும் ஓட்டோவும் ஒடுக்கமானவை என்பதால் இன்னும் தூரத்தில், இன்னும் மெதுவாக வருவதாகத் தோன்றும். அதிவேக நெடுஞ்சாலையில் இந்தக் குறை பக்கக் கண்ணாடிக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. கண்ணாடியின் வளைவு பின்னால் வரும் காரைச் சிறிதாக்கிக் காட்டுகிறது. அது 130 இல் வருகிறதா 100 இல் வருகிறதா என்பது தடம் மாறிய பிறகே விளங்குகிறது.

எனவேதான் சாரதிகள் சைகைகளைக் கண்டுபிடித்தார்கள். ஆனால் சைகைகளுக்கு ஊருக்கு ஊர் பொருள் மாறும். எதிரே வருபவர் முன்விளக்கை வெட்டி வெட்டிக் காட்டினால் எங்கள் பாதையில் 'நான் வருகிறேன், நீ நில்' என்று பொருள். இங்கிலாந்தில் பலர் அதை 'நீங்கள் போகலாம்' என்று எடுத்துக்கொள்கிறார்கள். அந்நாட்டுச் சாலைக் கையேடோ 'நான் இங்கே இருக்கிறேன்' என்பதற்கு மட்டுமே விளக்கைப் பயன்படுத்தச் சொல்கிறது. லண்டனில் சில காலம் ஓட்டிவிட்டு விடுமுறையில் வந்து, நுவரெலியா வீதியில் வாடகைக் கார் எடுக்கும் நம்மவர்கள் இதை ஒருமுறைக்கு இருமுறை நினைத்துக்கொள்வது நல்லது.

முந்தி முடித்த பின் செய்யும் தவறு இறக்கத்தில்தான் அதிகம் சுடும். பத்து மீற்றருக்கு ஒரு மீற்றர் தாழும் சரிவில், 10 தொன் எடையுள்ள லொறி மணிக்கு 36 கிலோமீற்றரில் இறங்கும்போது, அதை அதே வேகத்தில் பிடித்து வைக்க ஏறத்தாழ 98 கிலோவாற்று வலுவை எங்காவது செலவழித்தாக வேண்டும். ஐம்பது மின்கேத்தல்களை ஒரே நேரத்தில் கொதிக்க வைப்பது போன்றது அது. பிரேக்கை மட்டும் நம்பினால் அவ்வளவு வெப்பமும் சக்கரங்களுக்குள் இறங்கி, பிரேக் கட்டைகளின் பிடி தளர்ந்துவிடும். அதனால்தான் அனுபவமுள்ள சாரதி ஏறிய கியரிலேயே இறங்குகிறார். எஞ்சினே அவரைப் பிடித்துக்கொள்கிறது. அவருக்கு முன்னால் அவர் விட்டு வைத்திருக்கும் வெற்றிடம் அவருடைய பிரேக்கின் ஒரு பகுதி. முந்திய கார் அந்த இடத்துக்குள் நுழைந்து வளைவுக்காகத் தன் பிரேக்கை மிதிக்கும்போது, லொறிக்காரரின் பிரேக்கில் ஒரு பங்கைப் பறித்துக்கொள்கிறது. அதிவேக நெடுஞ்சாலையில் விடவேண்டிய அந்த 44 மீற்றரும் இதே வகைச் சொத்துத்தான்.

நெடுஞ்சாலையிலிருந்து மலைக்குத் திரும்புகையில் இன்னொன்றும் நடக்கிறது. ஒரு மணித்தியாலம் 100 இல் ஓடிய மூளை அந்த வேகத்தை இயல்பாக எடுத்துக்கொண்டு, அதைவிடக் குறைந்த எல்லாவற்றையும் உண்மையைவிட மெதுவாக உணர்த்துகிறது. வெளியேறும் வாயிலைக் கடந்து வெல்லவாயப் பக்கம் திரும்பியவருக்கு 70 என்பது 50 போலத் தோன்றும். அதிவேக நெடுஞ்சாலையின் வளைவு 100 இல் திரும்புவதற்காக ஐந்நூறு மீற்றர் அளவில் ஆரம் வைத்து வரையப்பட்டிருக்கும். பெரகலைக்கு ஏறும் பாதையில் 20 மீற்றர் ஆரமுள்ள கொண்டையூசி வளைவு ஒன்றில், நனைந்த தரையில் டயரை நம்பிப் போகக்கூடிய வேகம் 30 அளவுதான். அங்கே உடல் சொல்வதை நம்பாமல் முள்ளைப் பார்த்து, முதலாவது ஏற்றம் தொடங்குமுன் எங்காவது நிறுத்தி ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டுக் கிளம்புவது என் வழக்கம்.