மரத்தில் தொங்கும் கொசுப் பொறி எதற்கு?

சுகாதாரத் துறை ஆட்கள் சாயங்காலம் வந்து மரத்தில் ஒரு பொறியைக் கட்டுவார்கள், காலையில் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். "இதை வைத்தும் கொசு குறையவில்லையே" என்று அலுத்துக்கொள்பவர்கள் உண்டு. அது கொசுவைக் குறைக்க வைத்ததே அல்ல. கொசுவுக்குள் என்ன வைரஸ் குடியிருக்கிறது என்று பார்க்க வைத்தது.

சின்ன விளக்கு, பேட்டரியில் சுற்றும் விசிறி, கீழே ஒரு வலைப்பை, கூடவே கொஞ்சம் டிரை ஐஸ், அதாவது உறையவைத்த கரியமில வாயு. அதிலிருந்து கிளம்பும் வாயுவை யாரோ மூச்சு விடுவதாக நினைத்துப் பெண் கொசு கடிக்க வரும். விசிறி உள்ளே இழுத்துவிடும். இன்னொரு வகைப் பொறியில், வைக்கோல் ஊறி நாற்றமடிக்கும் தண்ணீர்தான் இரை. முட்டையிட வரும் கொசு அதில் மாட்டும். இதுதான் கெட்டிக்காரத்தனமான பொறி என்பேன். முட்டையிட வருவது ஏற்கெனவே ரத்தம் குடித்த கொசு, அதனிடம் வைரஸ் இருக்க வாய்ப்பு அதிகம்.

பிடித்ததைக் குளிர்ப்பெட்டியில் ஆய்வகத்துக்குக் கொண்டுபோகிறார்கள். சூட்டில் கிடந்தால் வைரஸின் ஆர்என்ஏ (அதன் மரபுப் பொருள்) சிதைந்துவிடும். அங்கே நுண்ணோக்கியில் பார்த்து கியூலெக்ஸ் தனி, ஏடிஸ் தனி என்று கொசு வகைவாரியாகப் பிரிப்பார்கள். கொசுக் கொசுவாகச் சோதித்தால் கட்டுப்படியாகாது. அதனால் ஓரிடத்தில் சிக்கிய ஒரே இனத்தில் 50 வரை சேர்த்து அரைத்து, மொத்தமாக, வைரஸின் மரபுப் பொருளைத் தேடும் ஒரு பிசிஆர் சோதனை. வைரஸ் தெரிந்தால், அந்த 50-ல் ஒன்றிலாவது இருக்கிறது என்று அர்த்தம்.

சரி, ஆளுக்குக் காய்ச்சல் வந்தபின் பார்த்தால் ஆகாதா? வெஸ்ட் நைல் வைரஸையே எடுத்துக்கொள்ளுங்கள். அது பறவைக்கும் கொசுவுக்கும் இடையில் சுற்றுவது. மனிதரும் குதிரையும் அதற்கு முட்டுச்சந்து, நம்மிடமிருந்து கொசு வழியாக மேலே பரவாது. கடிபட்டு 2 முதல் 14 நாள் கழித்துத்தான் காய்ச்சல் தெரியும், பலருக்கு அதுவும் தெரியாது. கொசுவைப் பார்த்தால் முன்பே பிடிபடும். சில இடங்களில் கோழி வளர்த்து அவ்வப்போது ரத்தமும் எடுத்துப் பார்ப்பார்கள். கோழி நோயில் படுக்காது, வைரஸை எதிர்க்க ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருள் காட்டிக்கொடுத்துவிடும்.

வைரஸ் இருப்பதாக அறிவித்தால், பொழுது சாய்ந்தபின் முழுக்கைச் சட்டை, கொசு விரட்டி, அப்புறம் தேங்கிய தண்ணீரைக் கொட்டுவது. குதிரை வைத்திருப்பவர்கள் தடுப்பூசி போட்டாயிற்றா என்று பார்க்க வேண்டும். வெஸ்ட் நைலுக்குக் குதிரைக்குத்தான் ஊசி உண்டு, மனிதருக்கு இல்லை.

"வைரஸ் இல்லை" என்று வந்தால், அன்றிரவு அந்தப் பொறியில் சிக்கியவற்றில் இல்லை, அவ்வளவுதான். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் பகலில் கடிப்பது. ராத்திரி விளக்குப் பொறியில் அது அவ்வளவாக விழாது.