ஒரு பிஷப் அதிகம் இருந்தால் ஜெயித்த ஆட்டமா?

போன ஞாயிறு மன்னார்குடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் செஸ் போட்டி. நாலாவது ரவுண்டு முடிந்து என்னிடம் படிக்கும் பதினொரு வயசுப் பையன் வெளியே வந்தான். கை கழுவுற இடத்திலேயே அப்பா பிடித்துக்கொண்டார். ஸ்கோர் ஷீட்டை வாங்கிப் போனில் எஞ்சினில் (யார் எவ்வளவு முன்னிலை என்று எண்ணில் காட்டும் செயலி) ஏற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார். "பிளஸ் ஏழு காட்டுது சார். ஒரு பிஷப்பு, ஒரு சிப்பாய் கூட இருக்கு. டிரா பண்ணிட்டு வந்து நிக்கிறான்!"

இந்த வருஷம் இதைக் கேட்பது எத்தனையாவது தடவை என்று எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

நடந்தது இதுதான். பையனிடம் ராஜா, யானை, வெள்ளைக் கட்டங்களில் மட்டும் குறுக்கே ஓடும் பிஷப், எச் வரிசையில் ஒரு சிப்பாய். எதிராளியிடம் ராஜா, யானை. யானைகள் இருந்த வரை இவன் ஜெயிக்க வேண்டிய ஆட்டம். 'நம்மகிட்ட கூட இருந்தா மாத்திடணும்' என்று யானைக்கு யானை வெட்டி மாற்றினான். எதிராளியின் கறுப்பு ராஜா, இவன் சிப்பாய் ராணியாக வேண்டிய எச்8 மூலைக்கு நேராகப் போய் உட்கார்ந்தது. எச்8 கறுப்புக் கட்டம். இவன் பிஷப் ஜென்மத்துக்கும் அதைத் தொடாது. நெருக்கினால் ஸ்டேல்மேட் (செக் இல்லை, நகர்த்தவும் வழியில்லை, அதனால் டிரா), விலகினால் ராஜா அங்கேயே கிடக்கும். (மாத்திடணும் என்று சொல்லிக்கொடுத்தது யார்? நான்தான், அவனுக்கு ஏழு வயசில்.)

அப்பா விவசாயி. "மேட்டூர்ல நூறு அடி தண்ணி நிக்குதுன்னா கடைமடையில நட்டாச்சுன்னு அர்த்தமா?" என்று கேட்டேன். சிரிக்கவில்லை, ஆனால் போனைப் பையில் வைத்தார்.

காய்க்கு இத்தனை என்ற பாயிண்ட் கணக்கு நடு ஆட்டத்துக்கு. காய்கள் குறைந்துபோன கடைசிப் பகுதியான எண்ட்கேமில் அவை எங்கே நிற்கின்றன என்பதுதான் கணக்கு. உங்கள் ராஜா ஈ6, சிப்பாய் ஈ5, எதிரி ராஜா ஈ8: நகர்த்தும் முறை யாருடையதானாலும் வெற்றி. அதையே எச் வரிசைக்குத் தள்ளுங்கள், ராஜா எச்6, சிப்பாய் எச்5, எதிரி ராஜா எச்8: டிரா. இரண்டிலும் ஒரே ஒரு சிப்பாய்தான் அதிகம். இன்னொன்று: வெள்ளை ராஜா ஈ4, சிப்பாய் ஈ3, கறுப்பு ராஜா ஈ6. வெள்ளை நகர்த்தினால் டிரா, கறுப்பு நகர்த்தினால் வெள்ளைக்கு வெற்றி. காய் ஒன்றுகூட மாறவில்லை, முறை மட்டும்தான். எதிரெதிர் நிற பிஷப் (ஒருவருடையது வெள்ளைக் கட்டத்தில், மற்றவருடையது கறுப்புக் கட்டத்தில்) என்றால் இரண்டு சிப்பாய் அதிகம் இருந்தும் டிரா ஆவது சகஜம்.

பெரியவர்களுக்கும் இது நடக்கும். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், உலக சாம்பியன்ஷிப்பின் 14-வது ஆட்டம். குகேஷுக்கு எதிராக ஒரு சிப்பாய் குறைவாக இருந்தும் டிங் லிரென் டிராவைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார். 55-வது நகர்வில் யானையை எஃப்2-வில் வைத்தார். யானைகள் போயின, அடுத்து பிஷப்புகளும். மிச்சமிருந்த ராஜா-சிப்பாய் எண்ட்கேம் தோல்வி. நம் பையன் வெற்றியை மாற்றிக் கொடுத்தான், அவர் டிராவை மாற்றிக் கொடுத்தார்.

எனவே பிள்ளைகளே, கடைசி யானையை மாற்றுவதற்கு முன் கையைத் தொடைக்குக் கீழே வையுங்கள். மாற்றிய பிறகு வரும் நிலையை மனசில் வைத்துப் பாருங்கள். ஓரச் சிப்பாயா, அது ராணியாகும் கட்டம் என்ன நிறம், எதிரி ராஜா அங்கே போய்ச் சேருமா? இருபது விநாடி வேலை. யானை எண்ட்கேமில் லூசெனாவும் (ஜெயிக்கும் நிலை) ஃபிலிடோரும் (டிரா பிடிக்கும் நிலை) தெரியாமல் 'ஜெயிச்சிட்டேன்' என்று சொல்லிக்கொண்டு என்னிடம் வராதீர்கள்.

பெற்றோருக்கு: பலகையில் ராஜாக்களையும் சேர்த்து ஏழு காய்களோ அதற்குக் குறைவோ இருந்தால் எஞ்சினின் பிளஸ் கணக்கை விடுங்கள். இத்தகைய நிலைகளுக்கெல்லாம் முன்பே முடிவு கணக்கிட்டு வைத்த டேபிள்பேஸ் இருக்கிறது, லிசெஸ் என்ற செஸ் தளத்தில் இலவசம். வெற்றியா டிராவா என்று அது உறுதியாகச் சொல்லும். அதையும் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். அடுத்த ரவுண்டுக்கு அரை மணி நேரம் இருக்கும்போது பிள்ளையைக் கை கழுவுற இடத்தில் நிறுத்தி வைக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். போட்டிக்கு முன் பூவனூர் சதுரங்க வல்லபநாதரைக் கும்பிட்டு வருகிறீர்கள், நல்லது. திரும்பி வரும் பஸ்ஸில் ஒரு ராஜா-சிப்பாய் எண்ட்கேமையும் போட்டுப் பாருங்கள்.

ஐந்தாவது ரவுண்டுக்குப் போகும்போது பையன் என் சட்டையை இழுத்தான். "சார், அதே பிஷப்பு, சிப்பாய் ஏ வரிசையில இருந்திருந்தா?"

"நீயே சொல்லு."

விரலால் காற்றில் கட்டம் எண்ணினான். "ஏ8 வெள்ளை."

"போ, கடிகாரம் ஓடுது."