பனிமலை உருகினால் உவரிக் கிணற்றுக்கு என்ன?

கடலோர ஊர்களில் கிணற்றுத் தண்ணீரைச் சோதித்துச் சொல்வது என் வேலை. உவரி, கூட்டப்புளி பக்கம் பனியாறுகள், அதாவது மலைமேல் இறுகி மெல்ல நகரும் பனிப்பாளங்கள், சுருங்குவதைப் பற்றிப் பேச்செடுத்தால், "இமயமலையில பனி உருகுனா நமக்கு என்ன அண்ணாச்சி? நம்ம ஆறு பொதிகை மழையில வர்றதுதானே?" என்பார்கள்.

பாதி சரி. தாமிரபரணி இரண்டு பருவமழையிலும் ஓடும் ஆறு. சிந்து நதி அப்படியில்லை. அதன் கோடைத் தண்ணீரில் பெரும்பங்கு பனி உருகி வருவது. பனியாறு சுருங்கும்போது முதலில் ஆற்றில் தண்ணீர் கூடும், ஊரும் நம்பிவிடும். சில பத்தாண்டுகள் கழித்துத்தான் கோடையில் வரத்துக் குறையும். இதற்கிடையே உருகிய நீர் மலைமேல் ஏரியாகத் தேங்கி உடைவதும் உண்டு. 2023 அக்டோபரில் சிக்கிமில் தெற்கு லோனாக் ஏரி உடைந்து, சுங்தாங்கில் தீஸ்தா அணையையே அடித்துக்கொண்டு போனது. பல உயிர்கள் போயின.

பனி உருகுவதன் பாதிப்பு நமக்குக் கடல் வழியாக வருகிறது. நிலத்தின்மேல் கிடக்கும் பனி உருகுவதாலும், கடல்நீர் சூடாகி விரிவதாலும் 1900-க்குப் பின் உலகக் கடல்மட்டம் சுமார் 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. ஒரு சாண் அளவுதானே என்று தோன்றும். ஆனால் கடலோர மண்ணுக்கடியில் நல்ல தண்ணீர், கனமான உப்புத் தண்ணீரின் மேல் நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் நல்ல தண்ணீர் இருந்தால், கீழே ஏறக்குறைய 40 மீட்டர் ஆழம்வரை நல்ல தண்ணீர் இருக்கும் என்பது எங்கள் துறையின் கணக்கு. மேலே அரை மீட்டர் குறைந்தால், காலப்போக்கில் கீழிருந்து 20 மீட்டர் உப்பு ஏறும்.

நான் பார்த்தவரை இன்றைக்குக் கிணறுகள் உவர்ப்பதற்கு முதல் காரணம் நம் மோட்டார்தான். நாம் உறிஞ்ச உறிஞ்ச, உயரும் கடல் பக்கத்திலிருந்து நெருக்குகிறது. கடலை நிறுத்த நம்மால் முடியாது, மோட்டாரை நிறுத்தலாம்.

அதனால் நாள் முழுக்க ஒரே போரில் இறைக்காதீர்கள். தண்ணீர் உவர்த்துவிட்டதே என்று இன்னும் ஆழமாகப் போர் இறக்கவே வேண்டாம், கடலோரத்தில் கீழே போனால் உப்புதான். ஐப்பசி மழைக்கு முன் ஒரு தடவை, தை பிறந்த அப்புறம் ஒரு தடவை தண்ணீரைச் சோதித்து, அளவை நோட்டில் எழுதி வையுங்கள். தென்னை ஓலை நுனி கருகும்வரை காத்திருந்தால் தாமதம். ஊர்க்குளத்து வரத்துக்கால் தூர்ந்து கிடந்தால், புரட்டாசிக்குள் அதைத் தூர்வாரி முடித்துவிடுங்கள்.