இதயம் தடுமாறினா ஈரல் ஏன் வீங்குது?

"அப்பா வாழ்க்கைல ஒரு சொட்டு தண்ணி போட்டதில்ல, ஸ்கேன்ல ஈரல் வீக்கம்னு வந்திருக்கு, டாக்டர் என்னடான்னா போய் இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுத்துட்டு வாங்கன்றார், வயித்துக்கும் நெஞ்சுக்கும் என்ன சம்பந்தம்?"னு ஒரு வாசகர் கேட்டிருந்தார். நல்ல டாக்டர் போல, சரியாத்தான் யோசிச்சிருக்கார்.

இதயத்தோட வலது பக்கம் திரும்பி வர்ற ரத்தத்தை வாங்கி நுரையீரலுக்கு தள்ளும், இடது பக்கம் உடம்புக்கு தள்ளும், பள்ளிக்கூடத்துல படிச்சதுதான். இப்படி தள்ளுற ரத்தத்துல கிட்டத்தட்ட கால் பங்கு ஈரல் வழியா போகுது, நிமிஷத்துக்கு ஒன்றரை லிட்டர் கிட்ட. ஈரலை விட்டு வெளிய வர்ற ரத்தம் நேரா கீழ்ப்பெருஞ்சிரைல, அதாவது உடம்போட கீழ்ப்பாதி ரத்தத்தை இதயத்துக்கு கொண்டு வர்ற பெரிய குழாய்ல விழுந்து அடுத்த நொடி இதயத்தோட வலது மேலறைக்கு போயிடும், ரத்தம் பின்னாடி வராம தடுக்க நடுவுல உருப்படியா ஒரு வால்வு கிடையாது. அந்த அறைல பிரஷர் சாதாரணமா 2ல இருந்து 6 மில்லிமீட்டர் மெர்க்குரி தான். வலது பக்கம் பலவீனமானா அது 15, 20ன்னு ஏறும், ஏறினது அப்படியே ஈரல் மேல உக்காரும்.

இனிமேதான் எனக்கு ரொம்ப பிடிச்ச இடம். ஈரலை மைக்ராஸ்கோப்ல பார்த்தா ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர் அகலத்துல அறுகோணம் அறுகோணமா லோப்யூல்கள்னு சின்னச் சின்ன செல் கூட்டங்கள் தெரியும், ரத்தம் ஓரத்துல நுழைஞ்சு செல் வரிசைகளுக்கு நடுவுல ஊர்ந்து மத்தியில இருக்குற சின்ன சிரைல வடியும், வழி நெடுக செல்லுங்க ஆக்ஸிஜனை எடுத்துக்கிட்டே இருக்கும், ஆக மத்தியில இருக்குறவனுக்கு எப்பவும் மிச்சம் மீதிதான். காவிரி கடைமடை விவசாயிகிட்ட சொன்னா டக்குனு புரிஞ்சுக்குவார், மேட்டூர் திறந்தா கடைசியா தண்ணி வர்றது அவருக்கு, வெள்ளம் வடியலைன்னா முதல்ல முங்குறதும் அவர் வயல். ஈரலோட மத்திய செல்லுக்கும் அதே கதிதான், இதயத்துல இருந்து வர்ற சப்ளை குறைஞ்சாலும் முதல் அடி அதுக்கு, ரத்தம் பின்னாடி தேங்கினாலும் முதல் அடி அதுக்கு. அதனாலதான் இந்த ஈரலை வெட்டிப் பார்த்தா சிவப்பும் மஞ்சளுமா புள்ளி புள்ளியா ஜாதிக்காய் உள்பக்கம் மாதிரியே இருக்கும்.

தேக்கம் மெதுவா வந்தா வலது விலாவுக்குக் கீழ பாரமா வலிக்கும், ஈரல் உறை இழுபடுறதால. கால் வீங்கும், வயித்துல நீர் கோக்கும், கண்ணை மஞ்சளாக்குற பிலிரூபின் ரத்தத்துல கொஞ்சம் ஏறும். திடீர்னு பிபி விழுந்தா கதையே வேற, ஈரல் செல் அடிபட்டா ரத்தத்துல கசியுற எஸ்ஜிஓடி எஸ்ஜிபிடி என்சைம் ரெண்டும் ஒரே நாள்ல ஆயிரக்கணக்குல எகிறிடும், பிபியை தூக்கி நிறுத்திட்டா ஒரு வாரம் பத்து நாள்ல இறங்கிடும். ஏற்கனவே தேங்கிக் கிடக்குற ஈரல்லதான் இந்த அடி பெரும்பாலும் விழுது.

நம்ம ஊர்ல கண்ணு மஞ்சளான உடனே கீழாநெல்லிய அரைச்சு மோர்ல கலக்கிடுறாங்க. கீழாநெல்லி மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல, ஆனா கழுத்து நரம்பு புடைச்சுக்கிட்டு கால் வீங்கி மூச்சு வாங்குறவருக்கு அதைக் குடுத்துட்டு பத்தியம் சொல்லி உக்கார வைக்கிறதுதான் எரிச்சலா இருக்கு, கோளாறு பம்புல இருக்கு சாமி.

இன்னொரு வேடிக்கை ஃபைப்ரோஸ்கேன். ஈரல் எவ்ளோ கெட்டியா இருக்குன்னு அளக்குற மெஷின் அது, ரத்தம் தேங்கி விறைச்சிருந்தாலே தழும்பு இல்லாம கூட சிரோசிஸ், அதாவது ஈரல் முழுக்க தழும்பேறிப் போன நிலை, அந்த ரேஞ்சுக்கு நம்பர் காட்டிடும். லாசிக்ஸ் மாதிரி மாத்திரை குடுத்து நீரை இறக்கினா அதே ஈரல்ல நம்பரும் இறங்கும். வருஷக்கணக்கா தேங்கினா மட்டும் நிஜமாவே நார் படரும், அதுவும் ஹெபடைடிஸ் பி, சி வைரஸ் நோய் மாதிரி லோப்யூல் ஓரத்துல இருந்து ஆரம்பிக்காது, மத்திய சிரைல ஆரம்பிச்சு பக்கத்து லோப்யூலோட மத்திய சிரையைத் தேடி ஓடும், அனுபவமுள்ள பேத்தாலஜிஸ்ட் பயாப்சி ஸ்லைடுல, அதாவது ஈரல்ல இருந்து எடுத்த சின்ன துணுக்குல, அந்த திசையைப் பார்த்தே இதயத்தை செக் பண்ணுங்கன்னு எழுதி அனுப்பிடுவார்.