இரண்டாம் இடத்துக்குச் சிவப்பு வட்டம்

சூதாட்டப் பிரச்சினைக்காக என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் வெறுங்கையோடு வருவார்கள், இல்லாவிட்டால் மனைவியோடு வருவார்கள். அவர் ஒரு நீளமான கணக்குப் புத்தகத்தோடு வந்தார். பதினெட்டு மாதங்களாகக் கட்டிய ஒவ்வொரு கோல்ஃப் பந்தயமும் அதில் இருந்தது: போட்டி, வீரர், கிடைத்த விலை (வென்றால் ஒன்றுக்கு எத்தனை தருவார்கள் என்பது), கட்டிய தொகை, முடிவு. எல்லாம் நீல மையில், அச்சடித்தாற்போன்ற கையெழுத்தில். சில வரிகளைச் சுற்றி மட்டும் சிவப்பு வட்டம் போட்டிருந்தார். வென்ற பந்தயங்களா என்று கேட்டேன். “இல்லை டாக்டர், நெருங்கி வந்தவை” என்றார்.

(அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். சிவப்பு வட்டத்தை மாற்றவில்லை.)

மனநல மருத்துவராகச் சீட்டு, குதிரை, கிரிக்கெட் என்று பலவகைப் பந்தயங்களைக் கேட்டுப் பழகியவன் நான். கோல்ஃப் எனக்குப் புதிது. மட்டையைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. அவர் பேசுவது புரிய வேண்டும் என்பதற்காகவே அந்த ஆட்டத்தைப் படிக்கத் தொடங்கினேன். படித்த பிறகுதான், பார்வைக்கு மிகச் சாதுவான இந்தப் பந்தயம் மனத்தை எப்படிப் பிடித்துக்கொள்கிறது என்று விளங்கியது.

போட்டி தொடங்கும் முன்பே, கோப்பையை வெல்லப் போகிறவர் இன்னார் என்று ஒரு பெயரின் மேல் பணம் கட்டுவதை அவுட்ரைட் பந்தயம் என்கிறார்கள். வியாழன் முதல் ஞாயிறு வரை நான்கு சுற்றுகள், மொத்தம் 72 குழிகள். எல்லாவற்றையும் மிகக் குறைந்த அடிகளில் முடிப்பவருக்குத்தான் கோப்பை. பிரிட்டனின் ஓப்பன், அமெரிக்காவின் யுஎஸ் ஓப்பன் இரண்டிலும் 156 பேர் களமிறங்குகிறார்கள். இரண்டு சுற்று முடிந்ததும் ‘கட்’ விழும். ஓப்பனில் முதல் 70 இடங்களுக்குள் வராதவர்கள் வெள்ளிக்கிழமையே மூட்டை கட்ட வேண்டியதுதான். கிரிக்கெட்டில் உங்கள் அணி தோற்றால் எதிரணி ஒன்றுதான் வென்றிருக்கும். இங்கே உங்கள் ஆளை முந்துவதற்கு 155 பேர் இருக்கிறார்கள்.

ஜாக் நிக்லாஸை எடுத்துக்கொள்ளுங்கள். மேஜர் என்று சொல்லப்படும் நான்கு பெரிய போட்டிகளில் 18 முறை வென்றவர். அந்தச் சாதனையை இன்றுவரை யாரும் தாண்டவில்லை. அவர் ஆடிய மேஜர்கள் 164. ஒவ்வொன்றிலும் அவர் பெயரின் மேலேயே ஒருவர் பணம் கட்டியிருந்தால், அந்த ஆட்டத்தின் மிகப் பெரிய மனிதரைச் சரியாகத் தேர்ந்தெடுத்தும் 146 முறை தோற்றிருப்பார். நிக்லாஸ் இரண்டாம் இடத்தில் முடித்தது 19 முறை. பத்தொன்பது சிவப்பு வட்டங்கள்!

என் நோயாளி ஜோசியத்தை நம்பிக் கட்டியவர் அல்லர். கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி உருவாக்கிய ‘ஸ்ட்ரோக்ஸ் கெய்ண்ட்’ கணக்கு அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. பந்து கிடக்கும் இடத்திலிருந்து குழிக்கு அனுப்பச் சராசரியாக எத்தனை அடிகள் தேவை, இந்த வீரர் அதைவிட எவ்வளவு மிச்சப்படுத்தினார் என்று ஒவ்வொரு அடிக்கும் மதிப்புப் போடுகிற முறை அது. அமெரிக்காவின் தொழில்முறை கோல்ஃப் போட்டிகளை நடத்தும் பிஜிஏ டூர் 2011இல் முதலில் பட்டிங்குக்கு, அதாவது குழியருகே பந்தை உருட்டி விடும் அடிகளுக்கு, அதை ஏற்றுக்கொண்டது. ஒரு வாரம் பட்டிங்கில் அமோகமாக ஆடியவர் அடுத்த வாரமும் அப்படியே ஆடுவார் என்று நம்ப முடியாது. குழி இருக்கும் பச்சைத் திடலை நோக்கி அடிக்கும் அப்ரோச் அடிகளில் காட்டும் திறமைதான் வாரத்துக்கு வாரம் நிலைத்து நிற்கும் என்று எனக்குப் பாடம் எடுத்தார். எந்த மைதானத்தில் தூரம் அடிப்பவருக்குச் சாதகம், எங்கே நேராக அடிப்பவருக்குச் சாதகம், காற்று காலையில் அடிக்குமா மாலையில் அடிக்குமா, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன். மூடநம்பிக்கையாக இருந்திருந்தால் எனக்கு வேலை எளிது. அவர் சொன்னதில் பெரும்பகுதி உண்மை.

ஆனால் அந்த உண்மை வாங்கித் தருவது எவ்வளவு? நூற்றுக்கு இரண்டு வாய்ப்புள்ள ஒருவரை விட்டுவிட்டு, இரண்டரை வாய்ப்புள்ள ஒருவரைக் கண்டுபிடிக்கலாம். அவ்வளவுதான். விலை வைக்கிற பந்தய நிறுவனத்தாரும் அதே புள்ளிவிவரங்களைப் பார்த்துத்தான் வைக்கிறார்கள். அதற்கு மேல் தங்கள் பங்கையும் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தப் பங்கை ஒரு தாளில் போட்டுப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியும். ஒன்றுக்கு 40 தருகிறோம் என்றால், அந்த வீரரின் வாய்ப்பு 41இல் ஒன்று, ஏறத்தாழ 2.4 சதவீதம் என்று விலை சொல்கிறது. பட்டியலில் உள்ள எல்லோருக்கும் இப்படி எழுதிக் கூட்டுங்கள். நியாயமான விலையானால் கூட்டுத்தொகை 100 வர வேண்டும். இருவர் மோதும் ஆட்டங்களில் 105ஐ ஒட்டி வரும். கோல்ஃப் அவுட்ரைட் பட்டியலில் 130ஐத் தாண்டுவது சர்வசாதாரணம். நூற்றைம்பது பெயர்களில் ஆளுக்குக் கொஞ்சமாகக் கிள்ளி எடுப்பதால் எந்த ஒரு விலையைப் பார்த்தாலும் கிள்ளிய தடம் தெரிவதில்லை. பட்டியலைக் கூட்டிப் பார்க்கும் வீட்டுப்பாடத்தை அவருக்கே கொடுத்தேன். பொறியாளர், அரை மணி நேரத்தில் முடித்திருப்பார். அடுத்த சந்திப்புக்கு வரவில்லை. அதற்கடுத்த சந்திப்பில் வந்தவர், வீட்டுப்பாடத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

என்னை அதைவிட உறுத்தியது வேறொரு கணக்கு. வெல்வதற்கு உண்மையிலேயே 2 சதவீத வாய்ப்புள்ள ஒருவரை வாரம் ஒருவராக 50 வாரம் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு முறைகூட வெல்லாமல் போக 36 சதவீத வாய்ப்பு உண்டு. நூறு வாரம் கட்டினாலும் 13 சதவீதம். அதாவது ஒரு குறையும் இல்லாமல் தேர்ந்தெடுக்கிறவரும் இரண்டு ஆண்டுகள் வெறுங்கையோடு உட்கார்ந்திருக்கலாம். ஒன்றும் தெரியாதவர் முதல் மாதமே ஒரு வெற்றியைப் பிடித்துத் தம்மை மேதை என்று நம்பிவிடலாம். உங்கள் முறை சரியா தவறா என்று ஆட்டம் சொல்வதற்குள் ஆண்டுகள் ஓடிவிடும். தீர்ப்பு வராத அந்த இடைவெளியில் மனம் தானே ஓர் அளவுகோலைச் செய்துகொள்கிறது. சிவப்பு வட்டம் பிறந்தது அங்கேதான்.

நெருங்கி வந்து தோற்பதில் கோல்ஃபை மிஞ்ச எந்த விளையாட்டும் இல்லை என்றே நினைக்கிறேன். 1999 ஓப்பன், ஸ்காட்லாந்தின் கார்னூஸ்டி. பிரெஞ்சு வீரர் ஜான் வான் டி வெல்ட் கடைசிக் குழிக்கு மூன்று அடிகள் முன்னிலையோடு வந்தார். அது நான்கு அடிகளில் முடிக்க வேண்டிய குழி. ஆறு எடுத்தாலும் கோப்பை அவருக்குத்தான். பந்து பார்வையாளர் மாடத்தில் மோதித் திரும்பிப் புல்லுக்குள் விழுந்தது. அடுத்த அடி ஓடைக்குள் போனது. ஷூவையும் காலுறையையும் கழற்றி, கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி நின்றார். ஏழு அடிகள். சமநிலையைத் தீர்க்க ஆடிய பிளேஆஃபில் வென்ற பால் லாரி, அன்று காலை பத்து அடிகள் பின்னால் இருந்து ஆட்டத்தைத் தொடங்கியவர். லாரியின் மேல் பணம் கட்டியவருக்கு அது மேதைமை. வான் டி வெல்ட்டின் மேல் கட்டியவர் இருபது நிமிடத்துக்கு முன்புவரை மேதை.

2024 யுஎஸ் ஓப்பனில் ரோரி மெக்கில்ராய் கடைசி நான்கு குழிகளில் மூன்றில் தலா ஓர் அடி கூடுதலாக எடுத்தார். பதினாறாவதில் மூன்றடி தூரம்கூட இல்லாத பட் தவறியது, பதினெட்டாவதில் இன்னொன்று. ஒரே ஓர் அடி வித்தியாசத்தில் பிரைசன் டிஷாம்போ வென்றார். அந்தப் பக்கத்தைப் புரட்டிக் காட்டும்போது என் நோயாளியின் விரல் நடுங்கியது. அங்கே வட்டம் இரண்டு சுற்றாகப் போடப்பட்டிருந்தது. மெக்கில்ராய் 2014இல் வென்ற மேஜருக்குப் பிறகு அடுத்ததை வென்றது 2025 மாஸ்டர்ஸில். ஒவ்வொரு முறையும் “இந்தத் தடவை நிச்சயம்” என்று அவர் பின்னாலேயே போனவர்களை நினைத்துப் பார்க்கிறேன்.

மயிரிழையில் தவறிய தோல்வி, மூளையில் வெற்றிக்குரிய பகுதிகளையே தூண்டுகிறது என்று ஒரு ஸ்லாட் மெஷின் ஆய்வு 2009இல் காட்டியது. பணம் போனது போனதுதான். ஆனாலும் மறுபடி ஆடும் ஆசை கூடுகிறது. ஸ்லாட் மெஷினில் அது வெறும் கண்கட்டு. கோல்ஃபில் அதற்கு ஒரு நியாயமும் ஒட்டிக்கொள்வதுதான் வில்லங்கம். இரண்டாவது வந்த வீரர் நன்றாகத்தானே ஆடினார்? ஆம், தேர்வு முட்டாள்தனமானதல்ல என்பதற்கு அது சின்னச் சாட்சிதான். ஆனால் அந்தச் சாட்சியை ஊரே பார்த்திருக்கும். அடுத்த வாரம் அவருக்கு ஒன்றுக்கு 40 கிடைக்காது, 25தான் கிடைக்கும். நெருங்கி வந்ததன் பலனை விலை வைக்கிறவர் எடுத்துக்கொண்டார். உங்களுக்கு மிஞ்சியது சிவப்பு மை.

‘ஈச் வே’ என்று ஓர் ஆறுதல் பந்தயமும் உண்டு. கட்டும் பணத்தில் பாதி வெற்றிக்கு, பாதி முதல் சில இடங்களுக்கு. ஒன்றுக்கு 50 விலையில் பத்தும் பத்துமாக இருபது கட்டுகிறீர்கள். முதல் ஆறு இடத்துக்குள் வந்தால் விலையில் ஐந்தில் ஒரு பங்கு. உங்கள் ஆள் தனியாக ஆறாவது வந்தால் 110 திரும்ப வரும். ஆனால் கோல்ஃபில் தனியாக ஆறாவது வருகிறவர் அபூர்வம். ஐந்து பேர் ஆறாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டால், சமமாக வந்தவர்களுக்குள் பங்கு பிரிக்கிற டெட் ஹீட் விதிப்படி, இடத்துக்குக் கட்டிய பத்தில் இரண்டு மட்டுமே கணக்கில் வரும். கைக்கு வருவது 22. நான்கு நாள் நகத்தைக் கடித்ததற்கு இரண்டு லாபம். இந்த விதியைத் தொகை குறைந்து வந்த அன்றுதான் தெரிந்துகொண்டேன் என்று என்னிடம் சொன்னவர்கள் பலர்.

அந்த நான்கு நாள்தான் ஒரு மருத்துவராக என்னைக் கவலைப்படுத்துவது. குதிரைப் பந்தயம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். இது வியாழன் காலையில் தொடங்கி ஞாயிறு இரவுவரை உடம்புக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கும். திங்களன்று வெறுமை, செவ்வாயன்று புதிய பட்டியல். இவர் வியாழக்கிழமைச் சந்திப்புகளை மட்டும் தவறாமல் ரத்து செய்தார். எனக்கே அது உறைக்க இரண்டு மாதம் ஆனது. அவர் மனைவிக்கு எப்போதோ தெரிந்திருந்தது. மகளின் பிறந்தநாளன்று கேக் வெட்டும்போது மேஜைக்கு அடியில் ஃபோனைப் பிடித்திருந்தாராம்.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் வகைப்பாட்டு நூல் 2013இல் சூதாட்டக் கோளாறை மது, போதைப் பழக்கங்களுடன் ஒரே அத்தியாயத்தில் சேர்த்தது. எத்தனை பந்தயம் கட்டுகிறீர்கள் என்று நான் முதலில் கேட்பதில்லை. இரண்டே கேள்விகள்: மேலும் மேலும் அதிகத் தொகை கட்ட வேண்டும் என்ற உந்துதல் வந்திருக்கிறதா? எவ்வளவு கட்டினீர்கள் என்பது பற்றி உங்களுக்கு முக்கியமானவர்களிடம் பொய் சொல்ல நேர்ந்திருக்கிறதா? ஒன்றுக்கு ‘ஆம்’ என்றாலே உட்கார்ந்து பேச வேண்டும். புள்ளிவிவரம் தெரிந்தவர்கள் இரண்டாவது கேள்விக்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தத் தயக்கமே எனக்குப் பதில்.

சிகிச்சை என்று பெரிதாக எதுவும் செய்துவிடவில்லை. பணக்கணக்கு மனைவியின் கைக்குப் போனது. பந்தயக் கணக்குகளைத் தாமே கேட்டு முடக்கிக்கொண்டார். புத்தகத்தில் ஒரு மாற்றம் செய்யச் சொன்னேன்: வட்டங்களை விட்டுவிட்டு, கட்டியது ஒரு பக்கம், வந்தது ஒரு பக்கம். கூட்டியதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு புத்தகத்தை என் மேஜையிலேயே வைத்துவிட்டுப் போனார். இன்னும் என் அலமாரியில்தான் இருக்கிறது.

எட்டு மாதம் கழித்து, வழக்கமான சந்திப்பு முடிந்து எழுந்தவர் கதவருகே நின்று சிரித்தார். “சும்மா கேட்கிறேன் டாக்டர், அடுத்த வாரம் மாஸ்டர்ஸ். நீங்களும் இவ்வளவு படித்துவிட்டீர்கள். யார் வெல்வார் என்று நினைக்கிறீர்கள்?”

தெரியாது என்றேன். ஆனால் என் நாக்கு நுனியில் ஒரு பெயர் இருந்தது. அப்ரோச் அடிகளில் அந்த மாதம் அவர்தான் முதல்.